கேம்ஷாஃப்ட் மாத்தினா பழைய கார் பறக்குமா? 1.5 லட்சம் கி.மீ ஓடிய வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது என்ன?

"ஒரு நல்ல கேம்ஷாஃப்ட் போட்டுட்டா போதும், வண்டி புதுசு மாதிரி இழுக்கும்." பழைய பெட்ரோல் காரைப் பிரியமாக வைத்திருப்பவர்கள் எல்லோருமே ஒருமுறையாவது கேட்டிருக்கும் வார்த்தை இது. ரேஸ் கார்களில் இது உண்மைதான். ஆனால் ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடி முடித்து, இன்னமும் தினமும் வேலைக்குப் போய் வரும் காரில் முதல் காசை கேம்ஷாஃப்டில் போட்டால், இழுவை கூடுவதற்குப் பதில் குறைந்துபோகவே வாய்ப்பு அதிகம். கூடவே புகைச் சான்றிதழ், ஆர்.சி புதுப்பிப்பு, இன்சூரன்ஸ் என்று வேறு தலைவலிகளும் வரும். ஏன் அப்படி? அப்படியும் மாற்ற நினைப்பவர்கள் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

திருவள்ளூரில் பிறந்த ஒரு கார்

உதாரணத்துக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. திருவள்ளூர் அருகே இந்துஸ்தான் மோட்டார்ஸ் நடத்திய ஆலையில்தான் 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் தயாரானது. அதே ஆலையிலிருந்து 2006-ல் வந்தது சீடியா. 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 16 வால்வு, சுமார் 115 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர் டார்க். அன்றைய விலைக்கு இது பெரிய எஞ்சின். இந்திய தேசிய ராலி சாம்பியன்ஷிப்பில் சீடியாக்கள் பல ஆண்டுகள் புழுதி கிளப்பியதால், இளைஞர்கள் மத்தியில் இந்தக் காருக்குத் தனி மவுசு உண்டு.

ஆலை பிறகு கைமாறியது. நடுவில் இசுசு வண்டிகளை அசெம்பிள் செய்தார்கள், இப்போது அங்கே சிட்ரோயன் கார்கள் தயாராகின்றன. சீடியா உற்பத்தி நின்று பத்தாண்டுக்கும் மேல் ஆகிறது. அதனால் இன்று ரோட்டில் இருக்கும் ஒவ்வொரு சீடியாவும் அதிகம் ஓடிய கார்தான். வால்வு ஒன்று வளைந்துபோனால்கூட ஷோரூமுக்குப் போய் மாற்ற முடியாது. புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ தேடி அலையணும். பழைய ஹோண்டா சிட்டி விடெக், போர்டு ஐகான் 1.6 வைத்திருப்பவர்களின் கதையும் ஏறக்குறைய இதுதான். ஆக, தப்பான ஒரு பாகத்தைப் போட்டுக் கெடுத்துக்கொள்ளும் அளவுக்கு இந்தக் கார்களுக்கு வசதி இல்லை.

கேம்ஷாஃப்ட்னா என்ன? தறிக்காரருக்கு இது தெரிஞ்ச விஷயம்தான்

திருவள்ளூர் மாவட்டத்தின் வடமேற்கு மூலையில் இருக்கும் பொதட்டூர்பேட்டை, விசைத்தறிக்குப் பேர் போன ஊர். அங்கே தறி ஓட்டுபவருக்கு கேம்ஷாஃப்டை விளக்க இரண்டு நிமிடம் போதும். காரணம், தறிக்குள்ளும் அதேதான் இருக்கிறது.

சாதாரண விசைத்தறியில் மேலே உள்ள கிராங்க் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றினால் ஒரு ஊடை இழை விழும். கீழே உள்ள ஷாஃப்ட் இரண்டு இழைக்கு ஒருமுறைதான் சுற்றும். அதில் மாட்டியிருக்கும் டாபெட், விழுதுகளை மாற்றி மாற்றி ஏற்றி இறக்கி பாவு இழைகளைப் பிரிக்கும். அந்த இடைவெளியில் நாடா பாய்ந்து போகும். இடைவெளி சீக்கிரம் மூடினாலும் தப்பு, தாமதமாகத் திறந்தாலும் தப்பு. இழை அறும், நாடா சிக்கும்.

கார் எஞ்சினிலும் அதே இரண்டுக்கு ஒன்று கணக்குதான். கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றும்போது கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று. அதில் முட்டை வடிவத்தில் துருத்திக்கொண்டிருக்கும் பகுதி ராக்கர் ஆர்மைத் தள்ள, ராக்கர் வால்வைத் திறக்கும். ஸ்பிரிங் அதைத் திரும்ப மூடும். டாபெட் என்ற பேர்கூட இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

வேகம்தான் வேறு. எஞ்சின் 6,000 ஆர்.பி.எம்-ல் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது. கிராங்க் ஒரு சுற்று முடிக்க 10 மில்லி விநாடிதான் ஆகும். வால்வு 250 டிகிரி திறந்திருக்கும் கேம் என்றால், அந்த வேகத்தில் காற்று உள்ளே வரக் கிடைக்கும் நேரம் 7 மில்லி விநாடிக்கும் குறைவு. அதே எஞ்சின் சிக்னலில் 800 ஆர்.பி.எம்-ல் நிற்கும்போது கிடைக்கும் நேரமோ 50 மில்லி விநாடிக்கு மேல்.

ஒரே கேம், இரண்டு விதமான வாழ்க்கை. கேம்ஷாஃப்ட் பற்றிய எல்லாச் சண்டையும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

பெரிய கேம் போட்டா என்ன ஆகும்?

பெர்ஃபாமன்ஸ் கேம் என்று விற்பவை இரண்டு விஷயத்தைக் கூட்டுகின்றன. ஒன்று லிஃப்ட், அதாவது வால்வு எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது என்பது. மற்றொன்று டியூரேஷன், எத்தனை டிகிரி திறந்தே இருக்கிறது என்பது. அதிக ஆர்.பி.எம்-ல் நேரம் போதாது என்பதால், கூடுதல் நேரம் திறந்து வைத்தால் கூடுதல் காற்று உள்ளே போகும். பவர் கூடும். இதுவரை சரி.

சிக்கல் கீழ் வேகத்தில். டியூரேஷன் அதிகமான கேமில், பிஸ்டன் கீழே போய்த் திரும்பி மேலே வர ஆரம்பித்த பிறகும் இன்டேக் வால்வு திறந்தே இருக்கும். வேகம் அதிகமாக இருந்தால் பாய்ந்து வரும் காற்று தன் உந்துதலிலேயே உள்ளே போய்க்கொண்டிருக்கும். 1,500 ஆர்.பி.எம்-ல் அந்த உந்துதல் கிடையாது. உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதியை பிஸ்டனே வெளியே தள்ளிவிடும். கம்ப்ரஷன் குறையும், இழுவை போகும்.

அடுத்தது ஓவர்லாப். இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் சில டிகிரிகளுக்கு இந்தப் பெயர். இது கூடினால் ஐடிலில் எரிந்த புகை இன்டேக் பக்கம் திரும்பும். எஞ்சின் குலுங்கிக் குலுங்கி நிற்கும். வீடியோக்களில் கேட்கும் அந்த 'லோப்பி' சத்தம் இதுதான். கேட்க நன்றாக இருக்கும், தினமும் ஓட்ட இருக்காது.

கவனிக்காமல் விடும் ஆபத்து ஒன்றும் இதில் இருக்கிறது. பிரேக் பெடலை லேசாக்கும் பூஸ்டர், இன்டேக் மேனிஃபோல்டில் உருவாகும் வேக்குவத்தை நம்பி வேலை செய்கிறது. ஓவர்லாப் கூடினால் ஐடிலில் அந்த வேக்குவம் குறையும். நெரிசலில் அடுத்தடுத்து பிரேக் மிதிக்கும்போது பெடல் கல் மாதிரி ஆகலாம்.

இந்த இரண்டு வாழ்க்கைக்கும் ஒரே கேம் போதாது என்று கார் கம்பெனிகளுக்கே தெரியும். அதனால்தான் ஹோண்டா 1989-ல் விடெக் கொண்டுவந்தது. கீழ் வேகத்துக்கு ஒரு கேம் வடிவம், மேல் வேகத்துக்கு இன்னொன்று. மிட்சுபிஷி தன் பங்குக்கு மைவெக் கொண்டுவந்தது. அந்த வசதி இல்லாத சீடியா போன்ற எஞ்சினில் ஏதாவது ஒரு பக்கம் விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

கணக்கு என்ன சொல்லுது?

சீடியாவின் 175 நியூட்டன் மீட்டர் டார்க் கிடைப்பது 4,250 ஆர்.பி.எம்-ல். அதிகபட்ச பவரான 115 குதிரைத்திறன் வருவது 5,250-ல். அந்த இடத்தில் டார்க் எவ்வளவு என்று கணக்குப் போட்டால் சுமார் 154 நியூட்டன் மீட்டர்தான். அதாவது டார்க் ஏற்கெனவே இறங்க ஆரம்பித்துவிட்டது, சுற்று வேகம் கூடுவதால் மட்டும் பவர் கூடித் தெரிகிறது.

இதே எஞ்சினில் 130 குதிரைத்திறன் வேண்டுமென்றால் என்ன செய்யணும்? அந்த 150 சொச்சம் டார்க்கை 6,000 ஆர்.பி.எம் வரை விடாமல் பிடித்து வைத்தால் போதும். பெரிய கேம் செய்வது இதைத்தான். புதிதாக டார்க்கை உருவாக்குவதைவிட, இருப்பதைக் கீழேயிருந்து எடுத்து மேலே வைக்கிறது.

இப்போது பொதட்டூர்பேட்டையிலிருந்து திருத்தணி வந்து, தேசிய நெடுஞ்சாலை 716-ல் ஏறி திருவள்ளூர் போகும் ஒருவரின் தினசரிப் பயணத்தை யோசியுங்கள். லாரிக்குப் பின்னால் மூன்றாவது கியர், ஊருக்குள் வேகத்தடை, ரயில்வே கேட், பிறகு கொஞ்சம் நேரான ரோடு. எஞ்சின் பெரும்பாலும் 1,500-க்கும் 3,000-க்கும் நடுவிலேயே இருக்கும். 6,000-ஐத் தொடுவது வாரத்தில் சில நொடிகள். அந்தச் சில நொடிக்காக மீதி நேரம் முழுக்க இழுவையை இழப்பது நல்ல வியாபாரமாகத் தெரியவில்லை.

இழந்த பவர் எங்கே போச்சு?

'வண்டி முன்ன மாதிரி இல்லை' என்று தோன்றினால், முதல் கேள்வி எந்த கேம் வாங்குவது என்பதல்ல. இருந்த பவர் எங்கே போனது என்பதுதான். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மெஷின்கூட வேண்டாம்.

கம்ப்ரஷன் டெஸ்ட்டில் ஆரம்பிக்கலாம். நான்கு சிலிண்டரிலும் ரீடிங் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் உஷார். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பார்த்தால், ரீடிங் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம். ஏறவில்லை என்றால் வால்வு சரியாக மூடவில்லை என்று அர்த்தம், சில நேரம் ஹெட் கேஸ்கெட்டாகவும் இருக்கலாம். லீக்டவுன் டெஸ்ட் செய்ய வசதி இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். சிலிண்டருக்குள் காற்றை அடைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்பதுதான் அது. சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, த்ராட்டிலில் சீறினால் இன்டேக் வால்வு, ஆயில் மூடியில் சீறினால் ரிங்.

வேக்குவம் கேஜ் என்று ஒரு மலிவான கருவி இருக்கிறது. நல்ல எஞ்சினில் ஐடிலில் முள் 17 முதல் 21 அங்குலத்துக்குள் ஆடாமல் நிற்கும். தாளம் போட்டு ஆடினால் வால்வில் பிரச்னை.

புகையும் பேசும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலப் புகை வந்து மறைந்தால், பெரும்பாலும் வால்வு ஸ்டெம் சீல் கெட்டிப்பட்டுப் போயிருக்கிறது. ஆக்சிலரேட்டர் அழுத்தும்போதெல்லாம் வந்தால் ரிங் பக்கம் சந்தேகப்படணும்.

காரை இடையில் கேஸில் ஓட்டியிருந்தால் தனி கவனம் வேண்டும். கேஸில் ஓடும்போது வால்வு உட்காரும் சீட் சீக்கிரம் தேயும். சீட் தேயத் தேய வால்வு உள்ளே இறங்கும், டாபெட் இடைவெளி குறைந்துகொண்டே வரும். இதில் சத்தம் வராது. மாறாக எஞ்சின் அமைதியாகிவிடும். 'டாபெட் சத்தமே இல்லை, சூப்பர்' என்று சந்தோஷப்படும் நேரத்தில் எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடாமல் கருகிக்கொண்டிருக்கும்.

இதையெல்லாம் சரிசெய்து, வால்வு லேப்பிங், புது ஸ்டெம் சீல், தேவைப்பட்டால் வால்வு கைடு, புது டைமிங் பெல்ட்டோடு டென்ஷனர், வாட்டர் பம்ப் என்று ஒருமுறை ஹெட் வேலையை ஒழுங்காகச் செய்தாலே, பலரும் 'கேம் மாத்தின மாதிரி இருக்கு' என்றுதான் சொல்வார்கள். டாபெட் தேய்ந்த தறியில் மோட்டார் வேகத்தை மட்டும் கூட்டினால் துணி நன்றாக வராது என்பது எந்தத் தறி மெக்கானிக்குக்கும் தெரிந்ததுதான்.

புகைச் சோதனையும் சட்டமும்

பி.எஸ் 2, பி.எஸ் 3 காலத்துப் பெட்ரோல் கார்களுக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 750 பி.பி.எம் என்பது வரம்பு. பெரிய கேம் கெடுப்பது துல்லியமாக ஐடிலைத்தான். ஓவர்லாப் நேரத்தில் எரியாத பெட்ரோல் நேராக சைலன்சருக்குப் போவதால் ஹைட்ரோகார்பன் எகிறும். பழைய கேட்டலிடிக் கன்வெர்ட்டர் ஏற்கெனவே சோர்ந்து போயிருந்தால் ஃபெயில் நிச்சயம்.

இந்தக் கார்களில் பலவும் 15 வயதைத் தொட்டுவிட்டன அல்லது தாண்டிவிட்டன. ஆர்.சி புதுப்பிக்க ஆர்.டி.ஓ ஆய்வுக்கு நிறுத்த வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி-யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம். கேம்ஷாஃப்ட் வெளியே தெரியாத பாகம்தான், எஞ்சின் நம்பரும் சி.சி-யும் மாறாதுதான். ஆனால் விபத்துக்குப் பிறகு சர்வேயர் பார்க்கும்போது, சொல்லாமல் செய்த மாற்றம் இன்சூரன்ஸ் கிளெய்முக்கு வில்லங்கமாகலாம். ரோட்டில் ஓடாத, டிராக்கில் மட்டும் ஓடும் கார் என்றால் கதை வேறு. அதற்கு இருங்காட்டுக்கோட்டை டிராக் இருக்கிறது.

அப்படியும் மாத்தணும்னா, எதை வாங்கலாம்?

எஞ்சின் டெஸ்ட்டில் பாஸ், ஹெட் வேலை முடிந்தது, பழைய கேமே தேய்ந்து குழி விழுந்து எப்படியும் மாற்றியாக வேண்டும் என்ற நிலை. அப்போது யோசிக்கலாம். தினசரி காருக்குப் பொருத்தம், கம்பெனி கேமைவிட லேசாக மட்டுமே கூடுதலான டியூரேஷன் உள்ளது. லிஃப்ட் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, டியூரேஷன் கூடுவதுதான் கீழ் வேக இழுவையைத் தின்னும். பட்டியலில் 280 டிகிரி, 290 டிகிரி என்று போட்டிருப்பதைத் தினசரி காருக்கு யோசிக்கவே வேண்டாம். ஒரு கடையின் 260-ஐ இன்னொரு கடையின் 260-உடன் அப்படியே ஒப்பிடவும் கூடாது. எங்கிருந்து அளக்கிறார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். 1 மில்லிமீட்டர் லிஃப்டில் அளந்த டியூரேஷன் எவ்வளவு என்று கேட்டு வாங்கினால்தான் ஒப்பீடு சரியாக வரும். அந்த விவரம் உள்ள கேம் கார்டு தராதவரிடம் கேம் வாங்காமல் இருப்பது நல்லது.

சீடியாவில் இருப்பது ஒற்றை கேம்ஷாஃப்ட். இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டும் ஒரே தண்டில். அட்ஜஸ்டபிள் புல்லி போட்டால் இரண்டும் சேர்ந்தேதான் நகரும், ஓவர்லாப் மாறாது. இரட்டை கேம் எஞ்சின்களுக்குச் சொல்லும் டிப்ஸை அப்படியே இதில் போடக் கூடாது.

பழைய கேமையே அரைத்து வடிவம் மாற்றித் தரும் ரீகிரைண்ட் மலிவான வழி. ஆனால் பல கேம்கள் மேல்பகுதி மட்டும் கெட்டியாகும்படி வார்த்தவை. அதிகமாக அரைத்தால் கெட்டித் தோல் போய் மெல்லிய இரும்பு வெளியே வந்துவிடும், சில ஆயிரம் கிலோமீட்டரில் தேய்ந்துவிடும். அடிவட்டம் சின்னதாவதால் டாபெட் இடைவெளியும் மாறும். இப்படி வார்ப்பிரும்பு கேம்ஷாஃப்ட் செய்து உலகக் கம்பெனிகளுக்கு அனுப்பும் பிரிசிஷன் கேம்ஷாஃப்ட்ஸ் நிறுவனம் இருப்பது மகாராஷ்டிராவின் சோலாப்பூரில். அதுவும் பொதட்டூர்பேட்டை மாதிரி விசைத்தறி ஊர்தான் என்பது ஒரு சுவாரஸ்யம்.

கேம் மட்டும் தனியாக வாங்குவதுதான் பலரும் செய்யும் தப்பு. லிஃப்ட் கூடினால் ஸ்பிரிங் அதிகம் அமுங்கும். ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய ஸ்பிரிங் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். வேகத்தில் வால்வு கேமைவிட்டுத் துள்ளும், பிஸ்டனில் தட்டும். அதற்காக ரேஸ் ஸ்பிரிங்கையும் போடக் கூடாது. அளவுக்கு மீறிய அழுத்தம் கேமையும் ராக்கரையும் சீக்கிரம் தின்றுவிடும். கேம் தயாரிப்பாளர் சொல்லும் அதே ஸ்பிரிங், கூடவே ரீட்டெய்னர், லாக், ஸ்டெம் சீல் எல்லாம் செட்டாக வர வேண்டும். தேய்ந்த ராக்கரைப் புது கேமில் ஓட்டவே கூடாது.

மாட்டிய பிறகு, ஸ்டார்ட் பண்ணும் முன்

ஹெட் கழன்றிருக்கும்போதே பிஸ்டன் மேல் மெல்லிய களிமண் வைத்து, கையால் கிராங்கை இரண்டு சுற்று சுற்றி, வால்வு பதிந்த இடத்தில் களிமண் தடிமனை அளப்பார்கள். இன்டேக் பக்கம் 2 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மில்லிமீட்டர் இடைவெளி என்பது பொதுவாகப் பாதுகாப்பானது. இதைச் செய்யச் சோம்பல்படும் ஒர்க்‌ஷாப் என்றால் வண்டியைத் திருப்பி ஓட்டிவந்துவிடலாம்.

இ.சி.யு டியூனிங்கும் கட்டாயம். பழைய மேப் பழைய கேமுக்காக எழுதப்பட்டது. பம்புகளில் கிடைக்கும் பெட்ரோலில் இப்போது எத்தனால் 20 சதவீதம் வரை இருப்பதால், ஃபுல் த்ராட்டிலில் கலவை மெலிந்துபோகும் அபாயம் ஏற்கெனவே உண்டு. காற்று மட்டும் கூடி பெட்ரோல் கூடாவிட்டால் வால்வு சூடேறிக் கருகும்.

ரோலர் இல்லாமல் நேராக உரசும் ராக்கர் உள்ள எஞ்சினில், மாட்டும்போது கேம் முழுக்க அசெம்பிளி லூப் தடவி, முதல் ஸ்டார்ட்டிலேயே ஐடிலில் விடாமல் 2,000 ஆர்.பி.எம்-க்கு மேல் சுமார் 20 நிமிடம் ஓட்ட வேண்டும். பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, 1,000 கிலோமீட்டரில் டாபெட் இடைவெளியை மறுபடி பார்க்கணும். பழைய கேம், ராக்கர், ஸ்பிரிங் மூன்றையும் கழற்றிய வரிசையிலேயே பேர் எழுதிப் பையில் போட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஆர்.டி.ஓ ஆய்வுக்கு முன் திரும்பப் போட வேண்டிவரலாம்.